ஃபான்கோனி ரத்தச் சோதனை: ட்யூபிலிருந்து ரிப்போர்ட் வரை

டாக்டர் சீட்டில் ‘குரோமோசோம் பிரேக்கேஜ்’ என்று எழுதியிருந்தாலும், ‘ஸ்ட்ரெஸ் சைட்டோஜெனடிக்ஸ்’ என்று எழுதியிருந்தாலும், ‘எம்.எம்.சி. டெஸ்ட்’ என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே சோதனைதான். பிள்ளைக்கு வந்திருக்கும் ரத்தக் குறைவு ஃபான்கோனி அனீமியாவா (எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்க முடியாமல் போகும் பரம்பரை நோய்) இல்லையா என்று பார்ப்பதற்காகச் செய்வது.

நான் மும்பை பரேலில் ஒரு லேபில் குரோமோசோம் (செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் உருப்படி) எண்ணும் வேலையில் இருக்கிறேன். வீடு தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். டாடா மெமோரியல், கே.இ.எம்., வாடியா குழந்தைகள் மருத்துவமனை எல்லாமே இந்தப் பரேலைச் சுற்றித்தான். அதனால் ஊரிலிருந்து ரயிலேறி வருகிற தமிழ்க் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். கவுன்டரில் இந்தியிலும் மராத்தியிலும் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நான் தமிழ் பேசுவது காதில் விழுந்ததும் “அண்ணாச்சி, அந்தம்மா என்ன சொன்னாவ?” என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தும் வைத்தியமும் டாக்டர் பாடு. சாம்பிளும் எண்ணிக்கையும் என் பாடு.

முதலில் ஒரு விஷயம். கட்டைவிரல் சரியாக வளரவில்லை, பிள்ளை குள்ளமாக இருக்கிறது, தோலில் காப்பி நிறத் திட்டு இருக்கிறது, சிறுநீரகம் இடம் மாறியிருக்கிறது, இப்படி ஏதாவது இருந்தால் டாக்டருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் இந்த நோய் உள்ள பிள்ளைகளில் கணிசமான பேருக்கு வெளியில் எந்த அடையாளமும் இருக்காது. விரலெல்லாம் அழகாக இருக்கும், பிளேட்லெட் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். “என் பேரனுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இந்த டெஸ்ட்?” என்று கேட்கும் ஆச்சிகளுக்கு இதுதான் பதில். மஜ்ஜை வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிள்ளைக்கு, மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கும் முன் இந்தக் கேள்வியைத் தீர்த்தே ஆக வேண்டும். ஏன் என்று பின்னால் வரும்.

சரி, ரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது.

ட்யூப் மூடி பச்சை நிறமாக இருக்க வேண்டும். அது சோடியம் ஹெப்பாரின் ட்யூப். ஊதா மூடி வேண்டாம். ஊதா மூடியில் இருக்கும் இ.டி.டி.ஏ., செல்லுக்கு வேண்டிய கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் எண்ணிக்கை பார்க்கவும் டி.என்.ஏ. எடுக்கவும் அது நல்லது, உயிரோடு வளர்த்துப் பிரிய வைப்பதற்கு ஆகாது. ஒரு சிறிய நர்சிங் ஹோமிலிருந்து ஊதா மூடி ட்யூபை ஐஸ் பெட்டியில் புதைத்து அனுப்பி வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் திரும்பவும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. எங்களுக்கு வேண்டியது உயிருள்ள வெள்ளை அணு. அதனால் ஃப்ரீசர் கூடாது, ஐஸ் கட்டி நேராகப் படக் கூடாது, வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டிலும் வைக்கக் கூடாது. சாதாரண அறைச் சூட்டில், ஒரு நாளுக்குள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள் லேபுக்கு வந்து சேர வேண்டும். அளவு பொதுவாக 3 முதல் 5 மில்லி. கைக்குழந்தைக்குக் குறைவாக எடுத்தாலும் சமாளிப்போம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமையும் முக்கியம். செல்லை 72 மணி நேரம் வளர்க்கிறோம். திங்கட்கிழமை வைத்தால் வியாழன் எடுக்கலாம். வியாழன் வைத்தால் ஞாயிறு ஆள் வர வேண்டும். அதனால்தான் பல லேபுகளில் வாரத் தொடக்கத்தில் மட்டும் சாம்பிள் வாங்குகிறார்கள், உங்களை அலைக்கழிப்பதற்காக அல்ல. ஜூலையில் மழை கொட்டி ஹிந்த்மாதாவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற அன்று ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். லோக்கல் ரயில் நின்றுவிட்டால் ட்யூபும் உங்களோடு சயான் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்கும். போன் செய்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் சாம்பிள் எடுத்துவிடுவது நல்லது. ஏற்றிய ரத்தத்தில் கொடுத்தவரின் வெள்ளை அணு கொஞ்சம் கலந்திருக்கலாம். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் எந்தத் தேதியில் என்று படிவத்தில் எழுதுங்கள். ஆனால் பிளேட்லெட் அபாயமாக இறங்கியிருக்கும்போது சோதனைக்காக ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ட்யூபில் எடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும், எடுத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

கூடவே ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே நாளில் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க. பெரும்பாலும் லேபே ஏற்பாடு செய்யும். உங்களிடம் கேட்டால் பிள்ளையின் அண்ணனையோ தங்கையையோ அழைத்து வராதீர்கள், அவர்களுக்கும் இதே நோய் சத்தமில்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர், வேலை செய்யும் இடத்து நண்பர், இப்படி ரத்த சம்பந்தம் இல்லாதவர் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிய வேண்டுமென்றால் செல் எப்படிப் பிரிகிறது என்பது கொஞ்சமாவது தெரிய வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செல் இரண்டாவதற்கு நான்கு கட்டம். ஜி1 கட்டத்தில் வளர்கிறது. எஸ் கட்டத்தில் டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது. ஜி2 கட்டத்தில், எடுத்த நகல் சரிதானா என்று சரிபார்க்கிறது. எம் கட்டத்தில் பிரிகிறது. குரோமோசோம்கள் மைக்ரோஸ்கோப்பில் தனித்தனியாகத் தெரிவது அந்த எம் கட்டத்தில் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தலைவலி எல்லாம் இதில்தான்.

டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழை. நகல் எடுக்க வேண்டுமானால் இரண்டும் விலக வேண்டும். சில வேதிப்பொருட்கள் இரண்டு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடும். பேன்ட் ஜிப்பை நடுவில் ஊசி நூலால் தைத்துவிட்டது மாதிரி. அதற்கு மேல் ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது. இப்படிப் பிணைக்கும் பொருளுக்கு வெளியே போக வேண்டியதில்லை. நம் உடம்பிலேயே ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு என்று கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிக்கொண்டிருக்கிறது. மது குடித்தால் அசிட்டால்டிஹைடு கூடும்.

எல்லோருடைய செல்லிலும் இந்தப் பிணைப்பை அவிழ்க்க ஒரு கூட்டம் புரதங்கள் இருக்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதற்காக வேலை செய்கின்றன. ஃபான்க்-ஏ, ஃபான்க்-சி என்று எழுத்துப் பெயர்கள். ஒரு குழு சேர்ந்து டி2, ஐ என்ற இரண்டு புரதங்களுக்கு அடையாளம் ஒட்டும். அடையாளம் ஒட்டியதும் வெட்டுகிறவர்கள் வந்து பிணைப்பின் இரு பக்கமும் வெட்டுவார்கள். அப்புறம் ஒட்டுப்போடுகிறவர்கள் வந்து இழையைச் சேர்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் பேர் அடிபடுகிற பி.ஆர்.சி.ஏ. 1, 2 இரண்டும் இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு மரபணு அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் பழுதாக வந்தால் ஃபான்கோனி. ஃபான்க்-பி மட்டும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா வழியாக ஆண் பிள்ளைக்கு வரும். இன்னும் ஒன்று அபூர்வமாக, ஒரு நகல் பழுதானாலே வந்துவிடும்.

பழுது தீராத செல் என்ன செய்யும்? ஜி2-வில் நின்றுவிடும். உள்ளே இருக்கும் காவல் ஏற்பாடு, பிரிவைத் தொடங்கி வைக்கும் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பழுதோடு பிரிந்து கெட்ட செல் இரண்டாவதைவிட நிற்பது மேல் என்று உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்கள் இப்படி நின்று நின்று அழிந்துபோனால் ரத்தம் எங்கிருந்து வரும்? குய்டோ ஃபான்கோனி என்ற சுவிஸ் குழந்தை மருத்துவர் 1927-ல் மூன்று சகோதரர்களிடம் கண்டு எழுதிய ரத்தக் குறைவுக்கு உள்ளே இருக்கும் சங்கதி இது. 1964-ல் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் பெண்மணி, இந்த நோயாளிகளின் குரோமோசோம்கள் தானாகவே உடைகின்றன என்று பார்த்தார். 1973-ல் ஜப்பானைச் சேர்ந்த சசாகி, இழைகளைக் குறுக்கே பிணைக்கும் மைட்டோமைசின் சி என்ற மருந்தை விட்டால் உடைவு பல மடங்காவதைக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் ஆர்லீன் அவர்பாக், டை-எபாக்சி-பியூட்டேனை வைத்துச் சோதனையை ஒழுங்குபடுத்தினார். எம்.எம்.சி., டி.இ.பி. என்று ரிப்போர்ட்டில் வருவது இவைதான்.

லேபில்

உங்கள் பிள்ளையின் ரத்தத்தைச் சத்துநீர் உள்ள பாட்டிலில் விட்டு, பி.எச்.ஏ. என்ற அவரைச் சத்தைச் சேர்க்கிறோம். தூங்கிக்கொண்டிருக்கும் டி லிம்போசைட்டுகளை எழுப்பிப் பிரிய வைப்பது அது. 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்கிறோம். ஒரு நாள் கழித்துப் பாட்டிலைப் பங்கு பிரித்து, ஒன்றில் மருந்து விடாமல், மற்றவற்றில் குறைந்த அளவும் கூடிய அளவுமாக மருந்து விடுகிறோம். எம்.எம்.சி.க்கு வெளிச்சம் ஆகாது. பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றுவோம். டி.இ.பி. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் புகைபோக்கிக் கூண்டுக்குள் கையுறையோடு வேலை. கடைசியில் கோல்செமிட் சேர்த்துப் பிரிகிற செல்களை எம் கட்டத்தில் பிடித்து நிறுத்தி, உப்புக் கரைசலில் ஊற வைத்து, மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் கழுவி எடுப்போம்.

அப்புறம் சொட்டு விடுவது. நான் சலிக்காமல் செய்கிற வேலை இது ஒன்றுதான். ஈரமான கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து ஒரு சொட்டு. விழுந்ததும் வட்டமாக ஓடும், ஓரத்திலிருந்து காயும், காயும்போது செல் விரிந்து குரோமோசோம்கள் பரவும். மும்பைக் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலத்தில் சொட்டு மெதுவாகக் காய்ந்து அளவுக்கு மீறிப் பரவிவிடும். உடைந்து விழுந்த துண்டு பக்கத்துச் செல்லுக்குப் போய்விட்டால் கணக்கு தப்பு. அதனால் ஈரம் இழுக்கும் இயந்திரத்தை ஓட விடுவோம். ஜனவரியில் ஏ.சி. அறையில் நேர்மாறு: சட்டென்று காய்ந்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். அப்போது ஸ்லைடின் மேல் ஒரு தடவை வாயால் ஊதுவேன். புத்தகத்தில் இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

ஜீம்சா சாயம் போட்டு, 46 குரோமோசோம் இருக்கும் நல்ல செல்லாகப் பார்த்து எண்ணுகிறோம். பொதுவாக ஒவ்வொரு அளவுக்கும் 50 செல். ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது பிள்ளையுடையது, எது ஒப்பீட்டுக்கு வந்தவருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. சாயம் பிடிக்காத சின்ன இடைவெளியை உடைவாகக் கணக்கில் எடுப்பதில்லை. துண்டு விலகியிருந்தால்தான் உடைவு. இரண்டு வேறு வேறு குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டு மூன்று கை, நான்கு கையாக நிற்பதுதான் ரேடியல். மருந்து விட்ட பாட்டிலில் ரேடியல் நிறைய இருந்து, ஒப்பீட்டு ஆளிடம் இல்லாமல் இருந்தால் அது ஃபான்கோனியைக் காட்டுகிறது.

ரிப்போர்ட்

பெரும்பாலானவர்கள் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’. நான் முதலில் விரல் வைத்துக் காட்டுவது வேறு இரண்டு எண்கள்: எத்தனை செல் எண்ணினார்கள், அதில் எத்தனை செல்லில் உடைவு.

முதல் எண் ஏன்? குரோமோசோம் தெரிய செல் எம் கட்டத்துக்கு வர வேண்டும். ஃபான்கோனி செல்லோ மருந்து பட்டதும் ஜி2-விலேயே நின்றுவிடுகிறது. ஆக, நோய் எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு எண்ணுவதற்குச் செல் கிடைக்காது. ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் பத்துகூடத் தேறாத பாட்டிலும் உண்டு. இதற்காகத்தான் மருந்தை இரண்டு மூன்று அளவில் விடுகிறோம். கூடிய அளவில் செல் இல்லாவிட்டாலும் குறைந்த அளவில் கிடைக்கும். ‘போதிய மெட்டாஃபேஸ் இல்லை’ (எம் கட்டத்தில் எண்ணுவதற்குச் செல் போதவில்லை) என்று வந்தால் அதை ‘நோய் இல்லை’ என்று படிக்காதீர்கள். ட்யூப் கெட்டதாலும் இருக்கலாம், வெள்ளை அணு குறைந்ததாலும் இருக்கலாம், செல் நின்றுவிட்டதாலும் இருக்கலாம். மருந்து விடாத பாட்டிலில் செல் நிறையக் கிடைத்து, விட்டதில் மட்டும் இல்லையென்றால் மூன்றாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டாக்டரிடம் அப்படியே கேளுங்கள்.

அந்த நிற்பதையே நேராக அளக்கவும் வழி இருக்கிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஜி2 செல்லில் டி.என்.ஏ. இரட்டிப்பாக இருக்கும், சாயம் ஏற்றினால் இரண்டு மடங்கு ஒளிரும். வரைபடத்தில் இரண்டு மேடு வரும். மருந்து பட்ட ஃபான்கோனி செல்களில் இரண்டாவது மேடு உயர்ந்து நிற்கும். எல்லா இடத்திலும் செய்வதில்லை.

இரண்டாவது எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம். சராசரி ஏமாற்றும். உதாரணத்துக்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் 50 செல் எண்ணியதில் மொத்தம் 100 உடைவு, அதாவது செல்லுக்கு இரண்டு. ஒரு பிள்ளைக்கு 46 செல்லில் பரவலாக உடைவு. இன்னொரு பிள்ளைக்கு 15 செல்லில் மட்டும் நொறுங்கியிருக்கிறது, 35 செல் சுத்தம். சராசரி ஒன்றுதான், விஷயம் வேறு. இரண்டாவது பிள்ளையின் ரத்தத்தில் இரண்டு வகைச் செல் இருக்கிறது. ஏதோ ஒரு தாய்ச் செல்லில் பழுது தானாகவே சரியாகி, அதன் வாரிசுகள் பெருகியிருக்கின்றன. மொசைக் என்பார்கள். ஃபான்கோனி உள்ளவர்களில் இப்படிக் கணிசமான பேர் உண்டு. சரியான செல் இன்னும் பெருகிவிட்டால் ரத்தச் சோதனை நார்மல் என்றே வரும். உடம்பில் அடையாளம் இருந்து, குடும்பத்தில் கதையும் இருந்து, ரத்தம் மட்டும் நார்மல் என்றால், தோலில் ஒரு துளி எடுத்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற தோல் செல்லை வளர்த்துப் பார்க்கக் கேளுங்கள். தோலில் அந்தத் திருத்தம் நடந்திருக்காது.

‘டெஸ்டில் உடைவு இருக்கு, அப்போ ஃபான்கோனிதானா?’ என்றால், பெரும்பாலும். நைமேகன் என்ற வேறொரு நோயிலும் எம்.எம்.சி.க்கு உடையும். அதனால் மரபணுச் சோதனை தொடர்ந்து வரும். அதில் ஃபான்க்-ஏ தான் உலக அளவில் அதிகம். அந்த மரபணுவில் பெரிய துண்டே காணாமல் போவது சகஜம் என்பதால், எழுத்து எழுத்தாகப் படிப்பதோடு காணாமல் போன துண்டைக் கண்டுபிடிக்கும் எம்.எல்.பி.ஏ. சோதனையும் சேர்த்துச் செய்கிறார்களா என்று கேளுங்கள். நம் தெற்காசியக் குடும்பங்களில் ஃபான்க்-எல் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பார்வைக்குத் தீங்கில்லாதது போல இருக்கும், ஆனால் மரபணுவைச் சேர்த்துத் தைக்கும் இடத்தைக் கெடுக்கிறது. பரேலில் கே.இ.எம். வளாகத்திலேயே இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் இந்த நோயில் ஆராய்ச்சி செய்யும் இடம்; உங்கள் டாக்டர் வழியாக விசாரிக்கலாம்.

உடன்பிறந்தவர்கள், அப்புறம் மற்றது

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று முறைக்குள் கல்யாணம் செய்த வீடுகளில், ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வர வாய்ப்பு கூடுதல். இதைச் சொன்னதும் மாமியார் மருமகளைப் பார்ப்பதும், மருமகள் தரையைப் பார்ப்பதும் நான் பலமுறை கண்டது. மேலே சொன்ன அபூர்வ வகைகள் தவிர, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுது நகல் வைத்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். யார் மேலும் பழி போட இடமே இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பெற்றோர் சுமந்திருப்பதை இந்த உடைவுச் சோதனை காட்டாது, மரபணுச் சோதனைதான் காட்டும்.

அண்ணன், தங்கை எல்லோருக்கும், எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும், சோதனை செய்துவிடுங்கள். மஜ்ஜை கொடுக்கப் போகிறவருக்குக் கண்டிப்பாக. கொடுப்பவருக்கும் அதே நோய் இருந்தால் இரண்டு பிள்ளைக்கும் கஷ்டம்.

மாற்று சிகிச்சைக்கு முன் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னேனே, காரணம் இது. மஜ்ஜை மாற்றும் முன் கொடுக்கும் மருந்துகளில் சில, இழைகளைக் குறுக்கே பிணைக்கும் அதே வகை. மற்றவருக்குத் தரும் அளவை ஃபான்கோனி பிள்ளைக்குத் தந்தால் தாங்காது. அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் செல் என்பதால் சோதனைக்கும் பயன்படாது. எல்லாம் முன்னாலேயே.

நோய் உறுதியானால் எந்த டாக்டரிடம், பல் டாக்டராக இருந்தாலும், போனவுடன் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். எக்ஸ்ரே, சி.டி. அவசியம் என்றால் மட்டும். வாய், தொண்டைப் புற்றுநோய் இவர்களுக்குச் சின்ன வயதிலேயே வரக்கூடும் என்பதால் வாயைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வீட்டில் பீடி, சிகரெட் குடிக்கிற மாமா வாசலுக்குப் போகட்டும். குட்கா பாக்கெட் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

வருடா வருடம் மஜ்ஜை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிள்ளைக்கு வலிக்கிறது என்று தட்டிக் கழிக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஜி2-வுக்கும் சம்பந்தம் உண்டு. சில செல்கள் அந்த நிறுத்தத்தை மீறக் கற்றுக்கொள்ளும். அவை பெருகும்போது ரத்த எண்ணிக்கை கொஞ்சம் ஏறக்கூடச் செய்யலாம், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் காவலை மீறிய செல்தான் லுகேமியாவுக்குப் போகும் பாதையிலும் இருக்கிறது. மஜ்ஜை ரிப்போர்ட்டில் 1-ஆம் குரோமோசோமின் நீளக் கை கூடியிருக்கிறதா, 3-ஆம் குரோமோசோமின் நீளக் கை கூடியிருக்கிறதா, 7-ஆம் குரோமோசோம் ஒன்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 1 மட்டும் என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு. 3, 7 என்றால் மாற்று சிகிச்சைப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டின் அசலை லேமினேட் செய்யாதீர்கள், ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நகலைக் கொடுங்கள். ரேடியல் தெரியும் படம் குறைந்தது இரண்டு கேட்டு வாங்குங்கள், வேறு ஊரில் இரண்டாம் கருத்துக்குப் போனால் உதவும். கழுவி எடுத்த செல்களில் மிச்சத்தை அமிலக் கரைசலில் ஃப்ரீசரில் வைத்திருப்போம், சீக்கிரம் கெடாது. சந்தேகம் வந்தால் அதிலிருந்தே புதிய ஸ்லைடு போடலாம், பிள்ளைக்கு மறுபடி ஊசி வேண்டாம். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று ரிப்போர்ட் வாங்கும்போதே கேட்டு, லேப் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.